அரிசியில் வண்டா? பூச்சியை 'வளரவிடாமல்' தடுக்கும் ரகசியத்தைக் கண்டுபிடித்தவரின் கதை

தேக்காவில் ஐந்து கிலோ பொன்னி அரிசி வாங்கி வருகிறீர்கள். பாதி சமைத்தாகிவிட்டது. நடுவில் தேர்வு, வேலை, நண்பர்களோடு வெளியே சாப்பாடு. ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பையைத் திறந்து பார்த்தால், அரிசிக்குள் கறுப்பாக ஏதோ நகர்கிறது!

"பை மூடித்தானே இருந்துச்சு, இது எப்படி உள்ளே வந்துச்சு?" என்று தோன்றும்.

பெரும்பாலும் அது வெளியிலிருந்து வரவில்லை. நீங்கள் வாங்கும்போதே அரிசிக்குள்தான் இருந்தது. அரிசி வண்டு தன் நீண்ட மூக்கால் ஒரு மணியில் சின்ன ஓட்டை போடும். அதற்குள் ஒரு முட்டை வைக்கும். பிறகு பசை போன்ற ஒன்றால் ஓட்டையை அடைத்துவிடும். வெளியே ஒன்றுமே தெரியாது. முட்டை பொரிந்து, புழுவாகி, மணியை உள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, கடைசியில் வண்டாக வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் 300 முட்டைகள் வரை வைக்கும்.

உங்களுக்கு நஷ்டம் அரைப்பை அரிசி. ஆனால் ஒரு கிடங்கு முழுக்க இப்படி ஆனால்? ஒரு நாட்டுக்கே அரிசி அங்கிருந்துதான் வருகிறது என்றால்?

பூச்சியை எப்படிக் கொல்வது என்றுதான் மனிதர்கள் காலங்காலமாக யோசித்து வந்தார்கள். ஒருவர் மட்டும் வேறொரு கேள்வி கேட்டார். ஒரு பூச்சி எப்போது வளர்ந்து பெரிதாக வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

அவர் பெயர் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த். பூச்சி அறிவியல் படிப்பவர்கள் எல்லாரும் அறிந்த பெயர். வாங்க, அவருடைய கதையைப் பார்ப்போம்.

யார் இந்த விகிள்ஸ்வொர்த்?

1899ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்கஷயர் வட்டாரத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார். லண்டனில் மருத்துவமும் படித்து முடித்தார்.

மருத்துவராகியிருக்கலாம். ஆனால் அவர் பூச்சிகள் பக்கம் திரும்பினார்.

1926இல் லண்டனில் இருக்கும் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த நாடுகளில் மலேரியா, உறக்க நோய் போன்றவை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தன. சிங்கப்பூரும் அந்த நாடுகளில் ஒன்று. அந்த நோய்களைப் பரப்பியவை பூச்சிகள்.

அங்கே அவருக்கு மேலாளராக இருந்த பேட்ரிக் பக்ஸ்டனுக்கு ஒரு தெளிவான எண்ணம் இருந்தது. பூச்சிகளை அடக்க வேண்டுமானால் முதலில் அவற்றின் உடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். எப்படி மூச்சு விடுகின்றன? எப்படிச் செரிக்கின்றன? எப்படி வளர்கின்றன? அந்தப் பொறுப்பு விகிள்ஸ்வொர்த்தின் கைக்கு வந்தது.

அதுவரை பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்தி, பெயர் வைத்து, பெட்டியில் அடுக்கியவர்கள் நிறைய பேர். பூச்சியின் உடலை ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோல் ஆராய்ந்தவர்கள் குறைவு. 1934இல் அவர் பூச்சி உடலியல் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். 1939இல் பெரிய பாடநூலே வந்தது. 1972க்குள் அது ஏழு பதிப்புகளைக் கண்டது.

தலை இல்லாத பூச்சி

அவருடைய ஆய்வுக்கு உதவிய பூச்சியின் பெயர் ரோட்னியஸ். தென்னமெரிக்காவில் வாழும் ரத்தம் குடிக்கும் பூச்சி. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதை ஏன் தேர்ந்தெடுத்தார்? அதன் வாழ்க்கை கடிகாரம்போல் ஒழுங்கானது. முட்டையிலிருந்து வந்தபின் அதற்கு ஐந்து இளம்பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறை வயிறு நிறைய ரத்தம் குடித்தால் போதும். குறிப்பிட்ட நாள்கள் கழித்துச் சட்டையை உரித்துக்கொண்டு அடுத்த பருவத்துக்குப் போய்விடும். ஐந்தாவது முறை உரிக்கும்போது சிறகுகளோடு முழுப் பூச்சியாகிவிடும்.

அதாவது, சாப்பாடு கொடுக்கும் நாள்தான் தொடக்கம். அன்றிலிருந்து நாள் எண்ணலாம். ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பூச்சி சாப்பிட்ட மறுநாள் அதன் தலையை வெட்டினார். கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கிறதா? ஆனால் பூச்சிகள் நம்மைப்போல் மூக்கால் மூச்சு விடுவதில்லை. உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாக விடுகின்றன. அதனால் தலை போனபின்னும் ரோட்னியஸ் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

உயிரோடு இருந்தது. ஆனால் சட்டையை உரிக்கவே இல்லை.

இன்னொரு பூச்சியில் சில நாள்கள் காத்திருந்து, அதன்பிறகு தலையை வெட்டினார். இந்த முறை தலை இல்லாமலேயே சட்டையை உரித்தது!

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? இடையில் உள்ள சில நாள்கள்தான். அந்த நாள்களில் தலையிலிருந்து ஏதோ ஒரு கட்டளை உடலுக்குள் போயிருக்க வேண்டும். கட்டளை போய்ச் சேர்ந்தபிறகு தலை தேவையில்லை.

கட்டளை எந்த வழியாகப் போகிறது? நரம்பு வழியாகவா, ரத்தம் வழியாகவா? அதற்கும் ஒரு சோதனை செய்தார். சீக்கிரமே தலை இழந்த பூச்சியையும், தாமதமாகத் தலை இழந்த பூச்சியையும் கழுத்தோடு கழுத்து சேர்த்து ஒட்டினார். ஒன்றின் ரத்தம் மற்றொன்றுக்குள் ஓடியது. இரண்டுமே சட்டையை உரித்தன.

கட்டளை ரத்தத்தில்தான் ஓடுகிறது. அதாவது, அது ஒரு ஹார்மோன். அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கும் நம்மைப்போல் ஹார்மோன் உண்டா என்பதே பெரிய விவாதம். அதைத் தீர்த்துவைத்ததில் விகிள்ஸ்வொர்த்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

இளமையிலேயே நிறுத்தும் ஹார்மோன்

இதோடு கதை முடியவில்லை. வளரச் சொல்லும் கட்டளை இருக்கிறது, சரி. ஆனால் நான்காம் பருவப் பூச்சி சட்டையை உரித்தால் மறுபடி இளம்பூச்சியாகத்தானே வருகிறது? ஏன் உடனே சிறகு முளைப்பதில்லை?

அங்கே இன்னொரு கட்டளை இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 'வளர், ஆனால் இன்னும் பெரியவனாகிவிடாதே' என்று சொல்லும் கட்டளை.

மூளைக்குப் பின்னால் கடுகைவிடச் சிறிய ஒரு சுரப்பி இருக்கிறது. நான்காம் பருவப் பூச்சியிலிருந்து அதை எடுத்து ஐந்தாம் பருவப் பூச்சியின் உடலுக்குள் வைத்தார். அந்த ஐந்தாம் பருவப் பூச்சி அடுத்து முழுப் பூச்சியாக வேண்டியது. ஆகவில்லை. இயற்கையில் இல்லாத ஆறாம் பருவம் ஒன்றுக்குப் போனது. உருவத்தில் ராட்சத இளம்பூச்சி!

அந்த ஆய்வு 1936இல் வெளிவந்தது. அந்தச் சுரப்பி தருவதைத்தான் இன்று 'இளமை ஹார்மோன்' என்கிறோம். அது உடலில் இருக்கும்வரை பூச்சி இளம்பூச்சியாகவே இருக்கும். அது நின்றால்தான் முழுப் பூச்சியாகும். முழுப் பூச்சியானபிறகு அதே ஹார்மோன் மறுபடி சுரக்கும். அப்போது அதன் வேலை வேறு: பெண் பூச்சியின் முட்டைகள் வளர உதவுவது.

ஆக, இது நல்லதா கெட்டதா என்ற கேள்வியே இல்லை. எப்போது வருகிறது என்பதுதான் விஷயம். நேரம் தவறி வந்தால் பூச்சியின் வாழ்க்கையே குழம்பிவிடும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரிசிக் கிடங்குக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

பல ஆண்டுகள் கழித்து அவர் ஒரு வேடிக்கையும் செய்து பார்த்தார். அந்த ஹார்மோனைப்போல் செயல்படும் பொருளைக் கொண்டு ஓர் இளம்பூச்சியின் முதுகில் தன் பெயரின் முதல் எழுத்துகளை எழுதினார். பூச்சி சட்டையை உரித்து முழுப் பூச்சியானது. ஆனால் எழுதிய இடம் மட்டும் வளரவில்லை. பெரிய பூச்சியின் உடலில் இளம்பூச்சியின் தோலால் ஆன எழுத்துகள் தெரிந்தன!

போர்க்காலம்: சாம்பலும் டிடிடியும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. உணவுதான் அப்போது எல்லா நாட்டுக்கும் கவலை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர் பட்ட பாட்டை உங்கள் தாத்தா பாட்டி வழியாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரிசிக்குப் பங்கீடு. அதுவும் போதாமல் மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிட்டு நாளை ஓட்டினார்கள்.

அந்த ஆண்டுகளில் விகிள்ஸ்வொர்த் லண்டனில் ஒரு பழைய புதிரைக் கையில் எடுத்தார். தானியத்தில் நுண்ணிய தூசியைக் கலந்தால் பூச்சிகள் சாகின்றன. அந்தத் தூசியில் விஷம் எதுவும் இல்லை. பிறகு எப்படிச் சாகின்றன?

1944, 1945ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆய்வுகள் விடை சொல்லின. பூச்சியின் மேல்தோலில் மிக மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. உடலில் உள்ள தண்ணீர் ஆவியாகாமல் அதுதான் காக்கிறது. பூச்சி நகரும்போது தூசி அந்த மெழுகைச் சுரண்டிவிடுகிறது. தண்ணீர் வெளியேறுகிறது. பூச்சி காய்ந்து செத்துவிடுகிறது.

இதைப் படிக்கும்போது உங்கள் பாட்டி நினைவுக்கு வரலாம். விதையில் சாம்பல் கலந்து வைப்பதும், துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய பழக்கம். அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் ஒன்றை லண்டன் ஆய்வகம் கண்டுபிடித்துச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதே சமயம் டிடிடி வந்தது. பூச்சிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற மருந்து. போரில் வீரர்களைப் பேன் பரப்பும் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியது. உலகமே அதைக் கொண்டாடியது.

விகிள்ஸ்வொர்த் அதன் பலனை மறுக்கவில்லை. ஆனால் கவலைப்பட்டார். 1945 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சஞ்சிகையில் அதைப் பற்றி எழுதினார். டிடிடி கெட்ட பூச்சியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. அந்தப் பூச்சிகளைத் தின்று கட்டுக்குள் வைத்திருக்கும் நல்ல பூச்சிகளையும் கொல்கிறது. அப்படிச் சமநிலை கெட்டால் பழைய தொல்லை போய்ப் புதிய தொல்லை வரும் என்று எச்சரித்தார்.

ரேச்சல் கார்சனின் புகழ்பெற்ற நூல் டிடிடியின் ஆபத்தை உலகத்துக்கே எடுத்துச் சொன்னது 1962இல்தான். அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே அவர் எழுதிவிட்டார்!

அப்படியென்றால் மாற்று வழி என்ன? அது ஏற்கெனவே அவருடைய 1936ஆம் ஆண்டு ஆய்வில் இருந்தது. ஆனால் அதை மருந்தாக்கும் யோசனை இன்னொருவருக்குத்தான் வந்தது.

காகிதத்தில் ஒளிந்திருந்த மருந்து

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கேரல் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் இருந்தார். செக்ரோபியா என்ற பெரிய பட்டுப்பூச்சியை ஆராய்ந்தவர். 1956இல் அந்த ஆண் பூச்சியின் வயிற்றிலிருந்து ஒருவகை எண்ணெயைப் பிரித்தெடுத்தார். அதில் இளமை ஹார்மோன் நிறைய இருந்தது. கூட்டுப்புழுவின் தோலில் அதைத் தடவினாலே போதும், அது ஒழுங்கான பூச்சியாக மாற முடியவில்லை.

அவருக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. இதையே பூச்சிக்கு எதிராகப் பயன்படுத்தலாமே!

1964இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து கரெல் ஸ்லாமா என்ற ஆய்வாளர் ஹார்வர்டுக்கு வந்தார். தன்னோடு ஒருவகைச் சிவப்புப் பூச்சிகளையும் கொண்டுவந்தார். சொந்த ஊரில் நன்றாக வளர்ந்தவை, அங்கே வந்ததும் வளர மறுத்தன. ஐந்தாம் பருவத்தைத் தாண்டி ஆறாம் பருவத்துக்குப் போயின. பெரியவையாகவே இல்லை.

தண்ணீரா? சாப்பாடா? ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கடைசியில் குற்றவாளி பிடிபட்டது. கூண்டில் விரித்திருந்த காகிதத் துண்டு! அமெரிக்க நாளிதழ்களின் காகிதத்தை வைத்தாலும் அதே கதை. பிரிட்டிஷ் நாளிதழ்களின் காகிதத்தில் ஒன்றும் ஆகவில்லை.

அமெரிக்கக் காகிதம் பால்சம் ஃபர் என்ற மரத்திலிருந்து வந்தது. அந்த மரம் தன்னைத் தின்ன வரும் பூச்சிகளுக்கு எதிராக இளமை ஹார்மோனைப்போன்ற ஒன்றைத் தானே தயாரித்து வைத்திருந்தது. மனிதர்கள் தேடிக்கொண்டிருந்ததை மரம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

1967இல் வில்லியம்ஸ் இவற்றை மூன்றாம் தலைமுறைப் பூச்சிமருந்து என்று அழைத்தார். அதே ஆண்டு இளமை ஹார்மோனின் வேதியியல் அமைப்பும் தெரியவந்தது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் ஸோய்கான் என்ற நிறுவனம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் கார்ல் ஜெராஸி. மனிதர்களுக்கான கருத்தடை மாத்திரை உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் அவர்.

அங்கே பிறந்ததுதான் மெத்தோப்ரீன். இளமை ஹார்மோனைப்போல் நடிக்கும் செயற்கைப் பொருள். 1975இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இதுபோன்ற மருந்துகளைப் பூச்சி வளர்ச்சிக் கட்டுப்படுத்திகள் என்று சொல்வார்கள்.

தானியத்தில் எப்படி வேலை செய்கிறது?

இப்ப அரிசிக் கிடங்குக்குத் திரும்புவோம்.

ஒரு டன் தானியத்துக்குச் சில கிராம் மெத்தோப்ரீன் போதும். தானியத்தைக் கிடங்கில் கொட்டும்போதே தெளித்துவிடுவார்கள். புழு அதைத் தொடும், தின்னும். இளமை ஹார்மோன் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காததுபோல் அதன் உடல் ஏமாந்துவிடும். கூட்டுப்புழுவாவதற்கு முன்போ, கூட்டுக்குள் இருக்கும்போதோ இறந்துவிடும். முழுப் பூச்சியாகாவிட்டால் முட்டை ஏது? அடுத்த தலைமுறை ஏது?

நமக்கு இளமை ஹார்மோன் கிடையாது. அதனால் பழைய நரம்பு விஷங்களைவிட மனிதர்களுக்கு இதனால் ஆபத்து மிகக் குறைவு.

"அப்போ பிரச்சினை தீர்ந்துச்சா?" என்று கேட்டால், இல்லை.

முதலாவது, இது முழு வளர்ச்சியடைந்த வண்டைக் கொல்லாது. ஏற்கெனவே வளர்ந்துவிட்டதை எப்படி வளரவிடாமல் தடுப்பது? மருந்து தெளித்த மறுநாள் வந்து பார்த்தால் வண்டுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பொறுமை வேண்டும்.

இரண்டாவது, எல்லாப் பூச்சிக்கும் ஒரே பலன் இல்லை. தானியத் துளைப்பான் என்ற வண்டு முட்டையை மணிக்கு வெளியே வைக்கும். பொரிந்த புழு மணியைத் துளைத்து உள்ளே போகும்போது மருந்து அதன்மேல் படும். அதனால் அதற்கு மெத்தோப்ரீன் நன்றாக வேலை செய்கிறது. நாம் தொடக்கத்தில் பார்த்த அரிசி வண்டோ மணிக்கு உள்ளேயே முட்டை வைத்து அடைத்துவிடுகிறது. புழு வெளியே வருவதே இல்லை. மருந்து மேலே, புழு உள்ளே! அதனால் அரிசி வண்டுக்கு எதிராக அது அவ்வளவாக எடுபடுவதில்லை.

மூன்றாவது, பூச்சிகள் பழகிவிடும். தன் சொந்த ஹார்மோனையே பூச்சி எப்படி எதிர்க்கும் என்று முதலில் நம்பினார்கள். அந்த நம்பிக்கை அதிக நாள் நிலைக்கவில்லை. 1972லேயே ஒருவகைச் சிவப்பு மாவு வண்டுகளிடம் எதிர்ப்புச் சக்தி கண்டுபிடிக்கப்பட்டது. அவை ஏற்கெனவே வேறு பூச்சிமருந்துகளுக்குப் பழகியவை. அந்தப் பழக்கம் புதிய மருந்துக்கும் கைகொடுத்தது. பின்னாளில் ஆஸ்திரேலியாவில் தானியத் துளைப்பானிடமும் மெத்தோப்ரீனுக்கு எதிர்ப்பு தெரிந்தது.

உலகம் முழுவதும் கிடங்குகளில் அதிகம் பயன்படும் பாஸ்பீன் வாயுவுக்கும் இதே நிலைதான். பல நாடுகளில் பூச்சிகள் அதற்குப் பழகிவருகின்றன. எந்த மருந்தாக இருந்தாலும் ஒன்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் முடிவு இதுதான். அதனால்தான் சுத்தம், குளிர்ச்சி, காற்றுப் புகாத சேமிப்பு, பூச்சிப்பொறி, வாயு, வளர்ச்சிக் கட்டுப்படுத்தி என்று பலவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

சிங்கப்பூருக்கு ஏன் முக்கியம்?

நம் நாட்டில் வயல் இல்லை. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடு கடைகளில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு அரிசி மூட்டையும் கடல் தாண்டி வந்தது.

அதனால் அரசாங்கம் அரிசிக் கையிருப்புத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. திட்டத்தின்கீழ் வரும் அரிசியை இறக்குமதி செய்பவர்கள், தாங்கள் மாதந்தோறும் கொண்டுவரும் அளவைப்போல் இரண்டு மடங்கைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும். அதை அரசாங்கம் குறிப்பிடும் கிடங்கில்தான் வைக்க வேண்டும். ஓராண்டுக்குமேல் ஒரே அரிசியை அங்கே வைத்திருக்கவும் கூடாது.

ஏன் இந்த ஓராண்டு வரம்பு? அரிசியின் தரம் ஒரு காரணம். நம் ஊரில் குளிர்காலம் இல்லை. ஆண்டு முழுதும் 25 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் இடையில்தான் வெப்பம். நமக்கு வியர்க்கிறது. அரிசி வண்டுக்கோ இதுதான் சொர்க்கம். குளிர்நாடுகளில் பனிக்காலம் செய்யும் வேலையை இங்கே மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

விகிள்ஸ்வொர்த்தின் கண்டுபிடிப்பு அரிசியோடு நிற்கவில்லை. டெங்கிக் கொசுவை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தோப்ரீன், பைரிப்ராக்ஸிஃபென் ஆகிய இரண்டையும் கொசுப்புழுக்களுக்கு எதிராகக் குடிதண்ணீரில்கூட உரிய அளவில் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. புழு தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும். ஆனால் கொசுவாகிப் பறக்காது. அதே தத்துவம்தான். கவனமும் தேவை. இந்த மருந்துகள் ஆற்றிலும் குளத்திலும் அதிகம் கலந்தால் நீரில் வாழும் மற்ற பூச்சிகளையும் இறால் இனங்களையும் பாதிக்கலாம்.

வேப்பிலையை மறந்துவிட முடியுமா? தேக்கா சந்தையில் வேப்பிலைக் கொத்து வாங்கியிருப்பீர்கள். அரிசிப் பானைக்குள் காய்ந்த வேப்பிலை போட்டுவைப்பது நம் வீட்டு வழக்கம். வேம்பில் உள்ள அஸாடிராக்டின் என்ற பொருளை 1968இல் பிரிட்டனில் பிரித்தெடுத்தார்கள். அது பூச்சிக்குத் தீனி பிடிக்காமல் செய்கிறது. சட்டை உரிக்கும் ஹார்மோனையும் குழப்புகிறது. ஆக, வேம்பிலும் ஒரு பூச்சி வளர்ச்சிக் கட்டுப்படுத்தி இருக்கிறது! ஆனால் ஒரு விஷயம். அந்தப் பொருள் இலையைவிட வேப்பங்கொட்டையில்தான் அதிகம். நான்கு இலையைப் போட்டுவிட்டு ஐந்து மாதம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்?

மெத்தோப்ரீனைத் தேடி அலைய வேண்டாம். அது கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டியது. வீட்டுக்கு இவை போதும்:

தேவைக்கு மட்டும் வாங்குங்கள். விலை மலிவு என்று 25 கிலோ மூட்டையைத் தூக்கி வந்தால் பாதியை வண்டுக்குத்தான் கொடுப்பீர்கள்.

வாங்கி வந்ததும் முடிந்தால் ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். மணிக்குள் ஒளிந்திருக்கும் முட்டையும் புழுவும் குளிரில் செத்துவிடும். மருந்து தொட முடியாத இடத்தைக் குளிர் தொட்டுவிடும்.

பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். பழைய அரிசியின் மேல் புதிய அரிசியைக் கொட்டாதீர்கள். டப்பாவைக் கழுவி, காயவைத்து, அப்புறம் நிரப்புங்கள்.

கேள்வி கேட்ட மனிதர்

விகிள்ஸ்வொர்த் 1945இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். 1952 முதல் 1966 வரை அங்கே பேராசிரியராக இருந்தார். 1964இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. ஓய்வுபெற்ற பிறகும் ஆய்வகத்தை விடவில்லை. முதுமையிலும் பூச்சிகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார். 1994 பிப்ரவரியில் 94ஆவது வயதில் காலமானார்.

அவர் மருந்து எதையும் தயாரிக்கவில்லை. நிறுவனம் எதையும் தொடங்கவில்லை. 1930களில் அந்தப் பூச்சிகளை ஒட்டவைத்துக்கொண்டிருந்தபோது, இதனால் அரிசி காப்பாற்றப்படும், கொசு பறக்காமல் போகும் என்று யாரும் அவரிடம் உறுதி சொல்லியிருக்க முடியாது. ஒரு பூச்சி எப்படி வளர்கிறது என்று அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கும் மெத்தோப்ரீனுக்கும் நடுவில் ஏறக்குறைய 40 ஆண்டுகள். லண்டன், ஹார்வர்ட், கலிஃபோர்னியா என்று அது கைமாறிக் கைமாறி வந்தது. டிடிடி ஒரே நாளில் பலன் தந்தது, பிறகு பல தொல்லைகளையும் தந்தது. இது மெதுவாக வந்தது. அதற்கும் வரம்புகள் உண்டு என்று பார்த்தோம். ஆனாலும் எல்லாவற்றையும் கொல்வதைவிட, எதிரியைப் புரிந்துகொண்டு வேண்டியதை மட்டும் நிறுத்துவது மேல் என்ற பாதை அங்கிருந்துதான் தொடங்கியது.

அடுத்த முறை அரிசிப் பையில் வண்டைப் பார்த்தால் அருவருப்போடு மூடிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். அந்தச் சின்ன உடலுக்குள், எப்போது பெரியவனாக வேண்டும் என்று சொல்லும் கட்டளை ஓடி முடிந்திருக்கிறது.

அப்புறம் அரிசியைச் சலித்து எடுங்கள். மிச்சத்தை உறைபெட்டியில் வைக்க மறக்காதீர்கள்!